மச்சம் இடம் மாறிய முகம்

ஜனவரி 9

லேட்டு,

நீ போனை எடுக்கப் போவதில்லை என்பது உறுதியாகிவிட்டது. மூன்று மாதமாக அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பிரிக்காமலே கிழித்துப் போட்டாலும் எனக்கு வேண்டியதுதான்.

அன்றைக்கு நடந்ததை நான் ஒரு தடவையாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும். நீ வீடியோவில் வந்தாய். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒரு கண் இமைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து நாம் என்ன செய்வோம்? எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம், ஒருத்தி முகத்தைக் கோணினால் மற்றவள் அச்சு அசலாக அதையே கோண வேண்டும், முதலில் சிரிப்பவள் தோற்றாள். நாற்பத்தோரு வயதிலும் போனில் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். நீ ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டாய் என்று நினைத்து நானும் என் வாயை இழுத்தேன். கண்ணையும் உருட்டினேன். நீ கட் செய்துவிட்டாய். அரை மணி நேரம் கழித்து, கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது. "முகவாதம். வலது பக்கம். இனிமே கூப்பிடாதே."

பதினெட்டு வருஷமாக ஊரில் இருக்கிற முகத்துக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவள் நான். என்னோடு ஒரே வயிற்றில் கிடந்த முகத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எனக்குக் காப்பி அடிக்கத்தான் தெரிந்திருக்கிறது, பார்க்கத் தெரியவில்லை.

அதனால் ஒரு காரியம் ஆரம்பித்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்கினேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஆளை நேரில் பார்த்து வரைவது. ஒன்பதாம் வகுப்பில் நான் வரைந்த பசுமாட்டைப் பார்த்து டீச்சர் மேஜை என்று மார்க் போட்டது ஞாபகம் இருக்கும், ஆகவே பெரிதாக எதிர்பார்க்காதே. முதல் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது எங்கள் முதலாளி.

என்னை மன்னித்துவிடு.

பதினொரு நிமிடம் மூத்தவள்


ஜனவரி 22

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

நான் லேட்டாகப் பிறந்த பதினொரு நிமிட வித்தியாசத்துக்காக உன்னை நான் இதுவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. இனிமேல் அப்படித்தான்.

படம் வந்தது. உன் முதலாளிக்கு நெற்றியே கிடையாதா? கண் இரண்டும் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. பாவம், அந்த மனிதருக்கு மூளை வைக்க நீ இடமே விடவில்லை. சிரித்தாயா என்று கேட்காதே. இப்போதெல்லாம் சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கிறது.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு, நாள் முழுக்க மாஸ்க். டாக்டரம்மா ஒருத்தருக்குத்தான் விஷயம் தெரியும். சாப்பாட்டு வேளையில் கருவிகளைக் கழுவுகிற அறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறேன். தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிகிறது. ப-வும் ம-வும் உதட்டில் நிற்காமல் வெறும் காற்றாகப் போகின்றன, அதனால் போன் வேண்டாம். வீட்டுக் கண்ணாடியைத் துண்டு போட்டு மூடிவிட்டேன். கடைக்குப் போனாலும் மாஸ்க், பஸ்ஸிலும் மாஸ்க். யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இந்த முகத்தை ஒருத்தருக்கும் காட்டுவதாக இல்லை, உனக்கு நிச்சயமாக இல்லை.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் ஆறவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் கண்ணாடி பார்க்கவில்லை, தைரியம் வரவில்லை. போன் மூலையில் தெரிகிற என் சின்னப் படத்தைக்கூட விரலால் மறைத்திருந்தேன். என் முகம் எப்படி ஆகிவிட்டது என்பதை நான் முதன்முதலில் பார்த்தது உன் முகத்தில்தான்.

வரைவதானால் வரை. அனுப்புவதானால் அனுப்பு. என் போட்டோ மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
தங்கை


பிப்ரவரி 16

லேட்டு,

நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலாளியின் நெற்றி விஷயத்தில் நீ சொன்னது சரி. மறுநாள் அவரையே நிற்கவைத்து அளந்துவிட்டேன். கண்ணாடி செய்ய ஒரு கண்மணியிலிருந்து மறு கண்மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம் இல்லையா, அந்தச் சின்ன ஸ்கேலைத் திருப்பி உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை வைத்தேன். கண் சரியாகப் பாதியில் இருக்கிறது. அவருக்கு மட்டுமா என்று கடையில் இருந்த எல்லாரையும் அளந்தேன், வந்தவர்களையும் விடவில்லை. எல்லாருக்கும் பாதியில்தான். பதினெட்டு வருஷம் குறுக்கே அளந்தவள் ஒரு நாள்கூட நெடுக்கே அளந்து பார்க்கவில்லை. எனக்குப் புல்லரித்துப் போயிற்று. முதலாளி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர், உன் மாமாதான் மாடல். பென்சிலைக் கையில் எடுத்ததுமே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறார். எத்தனை நிமிடம் மனுஷன் மூச்சை அடக்க முடியும்? நாலாவது நிமிடத்தில் தொப்பை திரும்பி வந்துவிடுகிறது, அதற்குள் நான் ஒல்லியாக வரைந்து முடித்திருப்பேன். முப்பத்தொன்றாவது படத்தில் அவர் தூங்கிவிட்டார். அதுதான் இருப்பதிலேயே உருப்படியானது, அனுப்பியிருக்கிறேன்.

மூத்தவள்


மார்ச் 28

அக்கா,

இதுவரை வந்தவை பத்தொன்பது படங்கள். அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ரொம்பச் சந்தோஷப்படாதே, அந்தக் கதவில் ஒரு கீறல் இருந்தது, மறைக்க வேண்டியிருந்தது.

மாமா தூங்குகிற படம் பரவாயில்லை. கழுத்து தலையணையில் புதைந்திருப்பது தெரிகிறது. கையை மட்டும் இஞ்சி மாதிரி வரைந்திருக்கிறாய். கண் எல்லாருக்கும் ஒழுங்கான இடத்துக்கு இறங்கி வந்துவிட்டது, அதுவரைக்கும் சரி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் படங்களில் எல்லாருக்கும் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறது. காகிதத்தை மடித்து வெட்டினால் வருமே, அப்படி. உங்கள் ஊரில் நிஜமாகவே எல்லாரும் இப்படித்தான் இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடு. வயிற்றெரிச்சல் படுவதையாவது தெரிந்து படுகிறேன்.

தங்கை


ஏப்ரல் 11

லேட்டு,

உன் கடிதம் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அதே யோசனையோடு கடைக்குப் போனேன். முதல் ஆளாக ஒரு லாரி டிரைவர் வந்தார், கண்ணாடி ஒரு பக்கம் சாய்கிறது என்று. வழக்கம்போல காதில் மாட்டுகிற காம்பு ஒன்றைச் சூடு காட்டி வளைத்தேன். வளைக்கும்போதே கை நின்றுவிட்டது. எதற்காக வளைக்கிறேன்? அவருக்கு ஒரு காது மற்றதைவிட அரை விரல் மேலே இருக்கிறது. அவருக்கு மட்டுமில்லை. இத்தனை வருஷத்தில் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. வளைக்காமல் ஒருத்தருக்கும் மாட்டி அனுப்பியதில்லை. கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை பார். பேப்பரில் மட்டும் உட்கார்ந்து எல்லாரையும் நேராக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றோடு அதை விட்டுவிட்டேன். இருக்கிறபடி வரைகிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பிலும் நிற்கிறேன். அங்கே யாரும் நமக்காக நிற்க மாட்டார்கள், பஸ் வந்தால் போச்சு. ஆகவே எந்தக் காலில் பாரம், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று அதை முதலில் பிடித்துவிட வேண்டும். முப்பது நொடி, பத்துக் கோடு. தலை இல்லாத ஆட்களாக ஒரு நோட்டு முழுக்கச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும் யார் என்று எனக்கு அடையாளம் தெரிகிறது, நிற்கிற நிலையே சொல்லிவிடுகிறது.

நேற்று ஒரு அம்மா வந்தார். முதன்முதலாகப் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ஒரு புருவம் மட்டும் மேலே போயிற்று, மற்றது அசையவில்லை. வாயின் ஒரு ஓரம் விரிந்தது. கன்னத்துச் சுருக்கமெல்லாம் அந்த ஓரத்துக்கு நகர்ந்து போயின. நான் வரைந்துகொண்டே இருந்தேன். ஏன் என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு முகத்தில் இவ்வளவு நடக்கிறது, லேட்டு. கடைக்குள்ளும் தெருவிலும் பஸ்ஸிலும் இத்தனை காலமாக நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் பாட்டுக்குக் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். எங்கள் ஊரில் அப்படி ஒருத்தரும் இல்லை.

மூத்தவள்


மே 19

முந்திரி,

முந்திக்கொண்டு பிறந்த முந்திரிக்கொட்டை என்று அப்பா வைத்த பேர் உனக்குத்தான் பொருத்தம். அக்கா என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

கண்ணாடி போட்ட அந்த அம்மாவின் படத்தைக் கதவில் ஒட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய், நான் சாப்பிடுகிற அறையில், நான் பார்க்கிற சுவரில் ஒட்டிவிட்டேன். இப்போது சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதாகச் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கும் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது. எனக்கு அது போதவில்லை, ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

பஸ் ஸ்டாப் ஆட்கள் நன்றாக இருக்கிறார்கள். பையைத் தோளிலிருந்து தோளுக்கு மாற்றுகிற பெண்ணைப் பார்த்தால் எனக்கே தோள் வலிக்கிறது. ஜனவரியில் நெற்றியே இல்லாமல் முதலாளியை வரைந்தவளா இவள் என்று மலைப்பாக இருக்கிறது. இதை நான் சொன்னதாக வைத்துக்கொள்ளாதே.

ஒரு ஆளை மட்டும் நீ இதுவரை தொடவே இல்லை. ஊரையெல்லாம் வரைகிறாய், உன்னை வரையவில்லையே, ஏன்? பயமா?

லேட்டு


ஜூன் 23

லேட்டு,

பயம்தான். வேறு என்ன?

கடையில் கண்ணாடி போட்டுப் பார்க்க வைத்திருக்கும் முகக்கண்ணாடி முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்தேன். கடை திறப்பதற்கு முன்னால் இருபது நிமிடம். முதல் வாரம் முழுக்க முறைத்துக்கொண்டே இருந்தேன், சண்டைக்காரி மாதிரி வந்தது. அப்புறம் கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதை மட்டும், கோடு கோடாக, வேறு எதுவும் நினைக்காமல் இறக்கினேன். இருபத்திரண்டாவது படத்தை முடித்து, தள்ளி வைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்கு எடுத்துப் போய் உன் மாமாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "உன் தங்கச்சி எப்போ வந்தா?" என்று கேட்டார்.

மச்சம்தான். எனக்கு இடது கன்னத்தில், உனக்கு வலது கன்னத்தில். கண்ணாடியில் தெரிந்தபடியே நான் இறக்கிவிட்டேன். திருப்பிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படத்தில் மச்சம் வலது கன்னத்துக்குப் போய்விட்டது. என்னைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்தேன், நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய். வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடக்காது.

அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இதை ஒளித்து வைத்தால் அது உனக்குச் செய்கிற இன்னொரு துரோகம் என்று தோன்றியது. அனுப்பிவிட்டேன்.

மூத்தவள்


ஜூலை 5

அக்கா,

ஏன் அனுப்பினாய்? அது என் முகம்தான். போன வருஷத்து முகம். அதை மறக்கத்தான் நான் கண்ணாடியை மூடி வைத்திருந்தேன்.

கிழிக்கப் போனேன், முடியவில்லை. வலது பாதியைக் கையால் மறைத்துவைத்துப் பார்த்தேன். அப்புறம் இடது பாதியை மறைத்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பிடவில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.

தங்கை


செப்டம்பர் 21

முந்திரி,

நீ நிஜமாகவே எழுதாமல் இருந்தாய். இவ்வளவு பேச்சுக் கேட்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உன் படம் வந்த மறுநாள் கண்ணாடியிலிருந்து துண்டை எடுத்தேன். என்னிடம் இருந்தது நோயாளிகளின் பல் அட்டையில் சொத்தைப் பல்லைக் குறிக்கிற பென்சில்தான். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் படத்தில் பல் மட்டும் பிரமாதமாக வந்தது, அதைச் சுற்றி ஏதோ இருந்தது. ஐந்தாவது படம் வரைக்கும் வலது பக்கத்தைப் பார்க்க முடியவில்லை, கண் தானாக இடது பக்கம் ஓடிவிடும். அப்போதுதான் உன் பஸ் ஸ்டாப் ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இதுவும் யாரோ ஒரு பெண், பஸ் வருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் பார்க்க முடிந்தது. கீழ் இமை எங்கே தொங்குகிறது, மூக்கிலிருந்து இறங்குகிற மடிப்பு எங்கே மறைந்துபோகிறது, உதடு எந்த இடத்தில் தன் வேலையை நிறுத்திக்கொள்கிறது. அழகா, அசிங்கமா என்று யோசிக்க நேரமே இல்லை. இது எங்கே முடிகிறது, அது எங்கே ஆரம்பிக்கிறது என்பதிலேயே பொழுது போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தாறு தாளையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வலது பக்கத்தையும் வரைந்த முதல் தாளில் வாயின் ஓரம் தாடைக்கு இறங்கிக் கிடந்தது. தாள் தாளாக நடந்து வந்து பார்த்தால், கடைசியில் ஒரு பென்சில் கனம் மேலே ஏறியிருக்கிறது. மூக்கோர மடிப்பும் லேசாகத் திரும்பி வந்திருக்கிறது. மண்டியிட்டபடி திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் கை தேறியதால் அப்படித் தெரிகிறதா, முகம் தேறியதா என்று சந்தேகம். டாக்டரம்மாவிடம் எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் அந்த முதல் தாளையும் கடைசித் தாளையும் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "ரெண்டும்தான்," என்றார்.

முழுசாகச் சரியாகாது என்றும் சொன்னார். அது எனக்கே தெரியும். ஆனால் இத்தனை மாதமாக நான் மூடி வைத்திருந்த இடத்தில் என்னைக் கேட்காமலே ஏதோ வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஐம்பத்தேழாவதை அனுப்பியிருக்கிறேன். நானும் கண்ணாடியில் தெரிந்தபடியேதான் இறக்கினேன், திருப்பிப் போடவில்லை. பார்த்துக்கொள்.

லேட்டு


செப்டம்பர் 27

லேட்டு,

கடை வாசலிலேயே உறையைப் பிரித்தேன். உள்ளே நான் இருந்தேன்.

மச்சம் என் இடது கன்னத்தில் இருந்தது. அதே பக்கத்தில் கீழ் இமை தொங்கியது, அதே பக்கத்தில் வாய் இறங்கியிருந்தது. என் கை தானாக என் இடது கன்னத்துக்குப் போய்விட்டது. அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் தடவிக்கொண்டே நின்றேன். ஒரு வருஷமாக உனக்கு நடந்ததை எனக்கு நடந்ததாக ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. உனக்காக வருத்தப்பட்டேன், அவ்வளவுதான். அந்தப் படத்தின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

படம் பிரமாதமாக இருக்கிறது என்று எழுதினால் அது சின்ன வார்த்தை. இமை தொங்குகிற அந்தக் கண்ணை வரைய எனக்குக் கை வராது. இரண்டே மாதத்தில் என்னைத் தாண்டிப் போய்விட்டாய். பொறாமைகூட வரவில்லை.

ஒன்று கேட்கலாமா? போட்டோ கேட்கவில்லை. உன்னை எதிரே உட்காரவைத்து நேரில் வரைய வேண்டும். என் முகம் அன்றைக்குச் செய்ததை மறுபடியும் ஏதாவது செய்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மாட்டேன் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன்.

மூத்தவள்


நவம்பர் 4

முந்திரி,

நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். ஊரெல்லாம் சுற்றிக் காட்டியதற்கு நன்றி, மாமாவிடம் முதுகைக் கவனிக்கச் சொல். இதை நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தபோது நான் இடது பக்கத்தைத்தான் உனக்குக் காட்டினேன், வேண்டுமென்றுதான். நீ பென்சிலை எடுத்தாய். கொஞ்ச நேரம் ஒன்றுமே வரையவில்லை. அப்புறம், "அந்தப் பக்கம் இல்லை, வெளிச்சத்துப் பக்கம் திரும்பு," என்றாய். யாரோ வாடிக்கையாளரிடம் சொல்கிற குரலில் சொன்னாய். நான் திரும்பிவிட்டேன்.

நாற்பது நிமிடம் நீ என்னைப் பார்த்தாய். ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, அம்மாகூட. உன் கண் என் புருவத்திலிருந்து கன்னத்துக்கு வரும், பேப்பருக்குப் போகும், மறுபடி வரும். ஒரு இடத்தில்கூட அவசரப்படவில்லை, ஒரு இடத்தையும் தாண்டிக் குதிக்கவில்லை. பாவம் என்றும் பார்க்கவில்லை. முதல் பத்து நிமிடம் எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. அப்புறம் நான் பார்க்கப்படுகிறேன் என்பதே மறந்து, உன்னைப் பார்க்க ஆரம்பித்தேன். உனக்கு இடது புருவத்தில் நாலு நரை இருக்கிறது. கோடு சரியாக விழுந்தால் மூக்கு விடைக்கிறது. நாற்பத்திரண்டு வருஷமாக இந்த முகத்தைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முந்திரி. உன்னை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, காது பெரிது. ஆனால் அது இப்போது இருக்கிற நான். மச்சமும் அதன் இடத்தில் இருக்கிறது.

திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டில் ஒரு அம்மா, மடியில் கூடையோடு. தாடையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் பிடித்துவிட்டது, நோட்டை எடுத்தேன். பாதியில் கண்டுபிடித்துவிட்டார். உடனே முடியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, போட்டோவுக்கு நிற்கிற மாதிரி என்னையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, ஸ்டேஷன் வந்து போய்க்கொண்டே இருந்தது. முடித்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பெரிசு, குறைத்துத்தான் போட்டிருக்கிறேன் என்றேன். சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் இறங்குகிற இடம் வரை அவர் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தோம்.

என் ஸ்டேஷனில் இறங்கி, வெளியே வரும்போது குளிர்காற்று கன்னத்தில் அடித்தது. மாஸ்க் காலையில் வைத்தபடியே பையில் இருந்தது.

லேட்டு